என் சூனியக்காரிக்கு எசமான் பார்த்த கதை

என் சூனியக்காரிக்கு ஓர் அசுரனைத் தேர்ந்தெடுக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. எனக்கு மாப்பிள்ளை பார்த்து முடிவு செய்ய எங்கள் வீட்டாருக்கு அரை மணி நேரம்தான் ஆனது. அதிலும் பாதி நேரம் காபி ஆறுவதற்குப் போனது. இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் அரசுப் பேருந்தில் நடத்துநர். டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "அசுரன்னா நல்லா விசாரிச்சுதான் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார்.

நான் திருவண்ணாமலையில் ஒரு பத்திர எழுத்தரிடம் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே வரிசையாக இருக்கும் கடைகளில் எங்களுடையதும் ஒன்று. உரிமம் முதலாளி பெயரில் இருக்கிறது. பத்திரங்களை எழுதுவது நான். கிரயம், தானம், பாகப்பிரிவினை, அடமானம், விடுதலை என்று, மனிதர்கள் ஒருவரை ஒருவர் எத்தனை விதமாக நம்பாமல் இருக்க முடியுமோ அத்தனைக்கும் என் கணினியில் ஒரு மாதிரி இருக்கிறது. பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றினால் போதும், ஒரு குடும்பத்தின் சண்டை இன்னொரு குடும்பத்துக்குக் கச்சிதமாகப் பொருந்திவிடும்.

அந்தக் கணினியின் முன்னால்தான் ஒருநாள் பகடைகள் உருண்டன. அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு மனை வாங்கக் கிரயப் பத்திரம் எழுத வந்த ஒருவருடையவை அவை. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள், கழுத்தில் ருத்ராட்சம், மணிக்கட்டில் நேரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டும் கடிகாரம். சென்னையில் ஏதோ மென்பொருள் கம்பெனி. இங்கே வாடகை வீட்டில் உட்கார்ந்தபடி அமெரிக்காக்காரர்களுக்கு வேலை செய்கிறார். மன அமைதிக்காக வந்தாராம். ஆதார் அட்டையை எடுக்கப் பைக்குள் கையை விட்டவர் ஒரு சுருக்குப் பையையும் சேர்த்து இழுத்துவிட்டார். ஏழெட்டுப் பகடைகள் என் மேசையில் கொட்டின. ஒன்றுக்கு நான்கு முகம், ஒன்றுக்கு எட்டு, ஒன்றுக்கு இருபது. என் முதலாளி அவற்றை ராசிக்கல் என்று நினைத்து என்ன விலை என்று கேட்டார்.

"கல் இல்ல சார், டைஸ். கதை விளையாட்டுக்கு" என்றார் அவர். என்னைப் பார்த்து விளக்கினார். "நாலு பேர் உக்காந்து ஆடுவோம் மேடம். நான் கதை சொல்வேன். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரமா இருப்பாங்க. குகைக்குள்ள போறீங்க, எதிர்ல பூதம் வருது, என்ன பண்றீங்கனு கேப்பேன். நீங்க சொல்லணும். அது நடக்குதா இல்லையானு டைஸ் முடிவு பண்ணும்."

"ஜெயிச்சா இன்னா கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது."

"தோத்தா?"

"செத்துடுவீங்க. கதையிலதான்."

ஒரு ஆள் குறைவதாகச் சொன்னார். என் மகள் அந்த வருடம்தான் வேலூருக்கு விடுதியில் தங்கிப் படிக்கப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பது துணி துவைத்து முடித்த பிறகும் மிச்சம் இருக்கிற ஒரு நீளமான பொருளாக ஆகியிருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செங்கம் சாலையில் ஒரு காபிக் கடையின் மாடியில் கூடுவார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ஆரம்பம். பௌர்ணமி வந்தால் மட்டும் விடுமுறை. அன்றைக்கு அந்தச் சாலையில் ஆட்டோகூட நுழையாது. கதைசொல்லியையும் என்னையும் தவிர இரண்டு பேர். ஒருவர் இயற்பியல் பேராசிரியர். எங்கள் ஊர்க் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், ஒரு பௌர்ணமி விடாமல் கிரிவலம் போகிறவர். விளையாட்டில் அவர் சூரிய தேவனுக்குப் பூசாரி. இன்னொருவர் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர். பதினோரு வருடமாக விசாவோடு மல்லுக்கட்டிக்கொண்டு இங்கேயே இருக்கிறார். விளையாட்டில் காட்டில் வாழும் பாடகி. தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பதுபோல இருக்கும். எதைச் சொன்னாலும் முடிவில் "எல்லாம் ஒன்றுதான், அம்மா" என்பார். காபியில் மாட்டுப்பாலை ஊற்றிவிட்டால் மட்டும் எல்லாம் ஒன்று இல்லை. அன்றைக்குக் கடைக்காரர் பாடு திண்டாட்டம்.

முதல் நாள் எனக்கு ஒரு பாத்திரம் அமைக்க வேண்டியிருந்தது. என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று கேட்டேன். வீரன், திருடன், பூசாரி, மந்திரவாதி என்றார் கதைசொல்லி. மந்திரவாதியில் இரண்டு வகை. ஒருவர் வருடக்கணக்கில் ஏடுகளைப் படித்து மந்திரம் கற்றவர். இன்னொருவர் எதையும் படிக்காமல், ஒரு அசுரனோடு ஒப்பந்தம் போட்டுச் சக்தியை வாங்கிக்கொள்பவர்.

"ஒப்பந்தமா?" என்றேன்.

"ஆமா மேடம். அசுரன்தான் எசமான். சக்தி குடுப்பான். பதிலுக்கு ஏதாவது கேப்பான்."

என் சூனியக்காரி அந்த நொடியில் பிறந்தாள்.

பேராசிரியருக்குத்தான் இது பிடிக்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "அண்ணாமலையார் ஊர்ல உக்காந்துகிட்டு அசுரன்கிட்ட ஒப்பந்தம் போடறதா? வேணாம்மா. விளையாட்டா இருந்தாலும் வாய்ல வரக் கூடாது" என்றார்.

"நீங்க சூரிய தேவனுக்குப் பூசாரியா இருக்கீங்களே சார், அவரு நம்ம ஊரு சாமியா?"

"அது வேறம்மா. அது நல்ல சாமி."

அந்த நல்ல சாமி கோபத்தில் மூன்று நகரங்களை எரித்ததாக விளையாட்டு விதிப் புத்தகத்திலேயே எழுதியிருந்தது. நான் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அவர்கள் ஏதாவது தப்பு செய்திருப்பார்கள் என்றார்.

ஐரோப்பியப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் காளியை எடுங்கள். காளி மிகப் பெரிய சக்தி."

"காளி அசுரன் இல்லீங்க. அசுரனைக் கொன்னவங்க."

"எல்லாம் ஒன்றுதான், அம்மா."

கொன்றவரும் செத்தவரும் ஒன்று என்றால் பதிவு அலுவலகத்தில் எங்களுக்கு வேலையே இருக்காது. எங்கள் குலதெய்வமான காளிக்கு வருடா வருடம் பொங்கல் வைக்கிறவள் நான். அவளைப் போய் இந்த விளையாட்டில் என்னிடம் வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி முடித்தேன்.

கதைசொல்லி அடுத்த வாரம் அசுரர்களின் விவரங்களை அச்சடித்துக் கொண்டுவந்தார். முதல் அசுரன் எரிமலைக்குள் வாழ்பவன். ஒன்பது கொம்பு. விரலைச் சொடுக்கினால் தீ வரும் சக்தியைக் கொடுப்பான். பதிலுக்கு வருடத்துக்கு ஒரு கிராமத்தை எரித்துக் காணிக்கை செலுத்த வேண்டும். எந்தக் கிராமம் என்று யார் முடிவு செய்வது, பட்டா நிலமா புறம்போக்கா என்று நான் கேட்டேன். அவர் நான் கிண்டல் செய்வதாக நினைத்துச் சிரித்தார். நான் கிண்டல் செய்யவில்லை. வெளியே சித்திரை வெயில். மலை அடுப்புக்கல் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு நெருப்பை யாராவது கேட்டு வாங்குவார்களா? முதல் வரன் தட்டிப்போனது.

இரண்டாவது அசுரன் கண்ணாடிகளுக்குள் இருப்பவன். பார்க்க அழகாக இருப்பானாம். யாருடைய ரகசியத்தைக் கேட்டாலும் சொல்வான். ஒவ்வொரு தடவையும் நம் நினைவில் ஒன்றை எடுத்துக்கொள்வான். இவனைக் கேட்டதும் ஐரோப்பியப் பெண்மணிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நினைவு போவது நல்லது. அதுதான் விடுதலை. நான் அதற்காகத்தான் இந்த ஊருக்கு வந்தேன்."

எனக்கும் ஒரு வாரம் சபலம் இருந்தது. பதிவு அலுவலகம் எதிரே இருப்பவளுக்கு அடுத்தவர் ரகசியம் என்பது தொழில் ஆசை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். என் நினைவை எடுத்துக்கொண்டு போகிறான். எத்தனை எடுத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? எடுத்ததே நினைவில் இருக்காதே. அவன் சொல்வதுதான் கணக்கு. இப்படி ஒரு ஆளை எங்கள் கடை வாசலில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களும் பார்க்க நன்றாகத்தான் இருப்பார்கள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த ஒருவனைக் கவனித்தேன். கதவுகளின் அசுரன். பூட்டியதைத் திறப்பான், திறந்ததைப் பூட்டுவான். படை இல்லை, கொம்பு இல்லை, கோட்டையும் இல்லை.

"இவரு யாரு தம்பி?" என்றேன். அதற்குள் நான் அவருக்கு மேடத்திலிருந்து அக்கா ஆகியிருந்தேன்.

"அது சும்மா எடம் ரொப்பப் போட்டேன் அக்கா. பவர் ரொம்ப கம்மி. யாரும் எடுக்க மாட்டாங்க."

"அப்ப இவருதான்."

மூன்று பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நான் காரணம் சொன்னேன். பெரிய கோயிலில் விசேஷ நாளில் சாமி பார்க்க எத்தனை மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே போனால் "நகரு நகரு" என்று இரண்டு வினாடியில் தள்ளிவிடுவார்கள். ஒன்பது கொம்பு அசுரனுக்கு என்னைப் போல எத்தனை ஆயிரம் சூனியக்காரிகள் இருப்பார்கள்? நான் குகையில் மாட்டிக்கொண்டு கத்தும்போது அவன் யாருடைய குரலுக்கு வருவான்? இந்தக் கதவு அசுரனுக்கு வேறு ஆளே இல்லை. கூப்பிட்டால் செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வருவான்.

பேராசிரியர் தன்னை அறியாமல் தலையாட்டிவிட்டு, பிறகு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒப்பந்தம். கதைசொல்லி அசுரனாக மாறுவதற்குக் குரலைத் தொண்டைக்குள் இறக்கிக்கொண்டார். கண்ணை உருட்டினார். "மானிடப் பெண்ணே! உன் ஆன்மாவை எனக்குக் கொடு. கதவுகள் யாவும் உனக்குத் திறக்கும்!"

"முழு ஆன்மாவா, பாகமா?" என்று கேட்டேன்.

அசுரன் கொஞ்சம் தயங்கினான். "முழு ஆன்மா."

"அதுக்கு நாலு எல்லை சொல்லுங்க. வடக்கே இன்னா, தெற்கே இன்னா? எல்லை சொல்லாம எழுதிக் குடுத்தா நாளைக்கு என் புத்தியும் ஆன்மாவுல சேத்தினு சொல்வீங்க."

"பெண்ணே, என் பொறுமையைச் சோதிக்காதே!"

"அப்புறம், கதவு திறக்கற சக்தி உங்களுக்கு எப்படி வந்தது? வாங்கினதா, பரம்பரையா? தாய்ப் பத்திரம் காட்டுங்க."

ஐரோப்பியப் பெண்மணி தாய்ப் பத்திரம் என்றால் என்னவென்று பேராசிரியரிடம் கேட்டார். சொத்து முதன்முதலில் கைக்கு வந்த கதை என்று அவர் விளக்கினார். உடனே அந்த அம்மாவும் ஆவலாக, ஆமாம், எப்படி வந்தது என்று அசுரனைக் கேட்டார். கதைசொல்லி இதற்குத் தயாராக வரவில்லை. யோசித்து யோசித்து, வேறொரு பெரிய அசுரனிடமிருந்து திருடியது என்று ஒப்புக்கொண்டார்.

"அப்ப வில்லங்கம் இருக்குது" என்றேன். "பெரியவரு வந்து கேட்டா நீங்க பொறுப்பா, நான் பொறுப்பா?"

அசுரன் காணாமல் போய், கதைசொல்லி மட்டும் எங்கள் எதிரே உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. "அக்கா, இப்படிக் கேட்டா கதை எப்படி நகரும்? பெரிய சக்தி முன்னாடி போய் நிக்கறப்ப கேள்வி கேக்கக் கூடாது. சரணாகதினு ஒண்ணு இருக்கு. நம்பிக் குடுத்துடணும். குடுத்தாத்தான் கிடைக்கும்."

இதைச் சொன்னபோது அவர் அசுரனைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்குப் புரிந்தது. கழுத்து ருத்ராட்சத்தைத் தொட்டுக்கொண்டே சொன்னார். அவருக்கு ஒரு குரு இருந்தார். ஊரின் பழைய ஆசிரமங்களைச் சேர்ந்தவர் இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்குள் சந்து ஒன்றில் முளைத்து, நல்ல ஒலிபெருக்கியோடு வளர்ந்துகொண்டிருந்தவர். ஐரோப்பியப் பெண்மணி ஏற்கனவே மூன்று குருமார்களைப் பார்த்து முடித்தவர். அவர் ஜன்னலுக்கு வெளியே குரங்குகளைப் பார்த்தார்.

நான் திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பத்திரத்தை எழுதினேன். பதினான்கு நிபந்தனைகள். மரியாதைக்காக அசுரனை முதல் லக்கத்தில், அதாவது முதல் தரப்பாகப் போட்டேன், சூனியக்காரி இரண்டாவது. முழு மனதுடன், பிறர் தூண்டுதலின்றி, சுயநினைவுடன் என்று ஆரம்பித்து, ஆன்மா கைமாறுவது சூனியக்காரியின் ஆயுளுக்குப் பிறகே என்றும், அதுவரை சகல பாத்தியதைகளும் அவளுக்கே என்றும், அசுரன் மூன்று முறை தவறினால் ஒப்பந்தம் தானாகவே ரத்து என்றும் எழுதினேன். முதலாளி எட்டிப் பார்த்து, பார்ட்டி எந்த ஊர் என்று கேட்டார். பாதாளம் என்றேன். போளூர் பக்கமா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அதை வாசித்தபோது பேராசிரியர், அசுரனை விட்டுவிட்டுப் பார்த்தால் தமிழ் நன்றாக இருக்கிறது என்றார். கதைசொல்லி ஒரு பிரதியை வாங்கி, படிக்காமலேயே அசுரனின் கையெழுத்தாக ஒரு கிறுக்கல் போட்டார். "படிச்சுட்டுப் போடுங்க தம்பி" என்றேன். "நம்பறேன் அக்கா" என்றார், குத்தலாக.

அதற்குப் பிறகு நாலைந்து மாதம் ஆட்டம் அமோகமாக நடந்தது. என் அசுரன் நான் நினைத்தபடியே இருந்தான். கூப்பிட்ட குரலுக்கு வந்தான். சிறைக்கதவு, புதையல் அறை, ராட்சசனின் கோட்டை எல்லாம் திறந்தன. பேராசிரியரின் சூரிய தேவன் பத்து வேண்டுதலுக்கு இரண்டு முறை பதில் சொன்னார். மெல்ல மெல்லப் பேராசிரியரே, "உன் ஆளைக் கூப்பிடும்மா" என்று சொல்ல ஆரம்பித்தார். என் ஆள்தானே திறந்தது என்று நான் ஞாபகப்படுத்தும்போது மட்டும் அவருக்குக் காது கேட்காது.

ஐப்பசி மழையில் ஒரு புதன்கிழமை காலை கதைசொல்லி எங்கள் கடைக்கு வந்தார். கூடவே வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவர். குருவின் டிரஸ்ட்டைக் கவனித்துக்கொள்பவராம். கையில் தட்டச்சு செய்த இரண்டு பக்கம். தானப் பத்திரம். அடி அண்ணாமலைப் பக்கம் வாங்கிய அந்த மனையை, நான் கிரயம் எழுதிய அதே மனையை, குருவின் மீதுள்ள அன்பினாலும் பக்தியினாலும், எக்காலத்திலும் ரத்து செய்யாத வகையில், டிரஸ்ட்டுக்குத் தானமாக எழுதிக் கொடுக்கிறார்.

இரண்டு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். தேடியது கிடைக்கவில்லை.

"தம்பி, இதுல உங்களுக்குனு ஒரு வரிகூட இல்லையே."

"கட்டி முடிச்சதும் எனக்கு அங்க ஒரு ரூம் அக்கா. சுவாமி சொல்லியிருக்கார்."

"சொன்னதை எழுதிடலாமா? ஆயுசு வரைக்கும் ஒரு அறையில இருந்துக்க பாத்தியதைனு ஒரே ஒரு வரி."

வெள்ளை ஜிப்பா புன்னகை செய்தார். குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "அம்மா, குருவுக்குக் கண்டிஷன் போடறதா? பக்தியில பேரம் கிடையாதும்மா. அவர் சொல்லே போதும்."

"சொல்லே போதும்னா தானத்தையும் சொல்லாலயே முடிச்சுக்கலாமேங்க. பத்திரம் எதுக்கு?"

முதலாளி இருமினார். ஜிப்பாவின் புன்னகை அப்படியே இருந்தது, ஆனால் காகிதங்களை அவர் கை திரும்ப எடுத்துக்கொண்டது. கதைசொல்லி என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வெட்கம் அதிகம் இருந்தது. குருவின் ஆள் முன்னால் அவருடைய அக்கா அநாகரிகமாக நடந்துகொண்டுவிட்டாள்.

"இது விளையாட்டு இல்ல அக்கா" என்றார்.

"அதான் தம்பி நானும் சொல்றேன்."

அவர்கள் போன பிறகு முதலாளி ஒரு பாடம் நடத்தினார். "எழுதிக் குடுக்கறது நம்ம வேலை. எழுதாதேனு சொல்றது நம்ம வேலையாம்மா? பக்கத்துக் கடையில எழுதிக்கப் போறான்." அவர் சொன்னது சரி. இரண்டு கடை தள்ளி எழுதி, அன்றைக்கே டோக்கன் போட்டு, பிற்பகலில் பதிவும் முடித்துவிட்டார்கள். பதிவு அலுவலகத்திலிருந்து அவர்கள் வெளியே வருவதைப் பார்த்தேன். ஜிப்பா காகிதங்களைப் பையில் வைத்து இடுக்கிக்கொண்டிருந்தார். கதைசொல்லி மழையில் நனைந்தபடி அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு அசுரனிடம் பதினான்கு நிபந்தனை எழுதி வாங்கிய எனக்கு, ஒரு வெள்ளை ஜிப்பாவிடம் ஒரு வரி வாங்க முடியவில்லை. அன்றைக்கு மீதி நேரம் முழுக்க யார் எது கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

இரண்டு ஞாயிறு ஆட்டம் இல்லை. மூன்றாவது ஞாயிறு எல்லோருக்கும் செய்தி வந்தது. போனேன். கதைசொல்லி எதுவும் நடக்காததுபோலப் பகடைகளை அடுக்கி வைத்திருந்தார். அன்றைய கதையில் நாங்கள் ஒரு பனி நகரத்தின் அரசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு மாதமாக அவளைத் தேடி வந்திருந்தோம். அவள் வாயைத் திறந்து அந்த முக்கியமான ரகசியத்தைச் சொல்லப்போகும் நேரத்தில் கதைசொல்லி குரலைத் தொண்டைக்குள் இறக்கினார்.

"சூனியக்காரியே, வா. உன்னை அழைக்கிறேன்."

"யாரு கூப்பிடறது?"

"கதவுகளின் அசுரன்."

"நான்தானே அவரைக் கூப்பிடணும்? அவரு எப்படி என்னைக் கூப்பிடலாம்?"

கதைசொல்லி பையிலிருந்து என் பத்திரத்தை எடுத்தார். மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது. சில வரிகளுக்கு மஞ்சள் மை பூசியிருந்தார். சாவகாசமாக வாசித்தார். "நிபந்தனை ஐந்து. இதில் 1 லக்கமிட்டவர் அழைக்கும்போதெல்லாம் 2 லக்கமிட்டவர் எவ்விதத் தாமதமும் ஆட்சேபணையும் இன்றி நேரில் ஆஜராக வேண்டியது."

நான் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. எழுதியது நான்தான். முன்பு ஒரு தகப்பனாருக்கும் மகனுக்கும் எழுதிய பராமரிப்பு ஒப்பந்தத்திலிருந்து அந்த வரியை எடுத்திருந்தேன். அங்கே தகப்பனார் ஒன்று, மகன் இரண்டு. அப்பா கூப்பிட்டால் பிள்ளை வர வேண்டும். இங்கே லக்கத்தை மாற்ற மறந்துவிட்டேன். இத்தனை நாள் அசுரன் வந்ததெல்லாம் அவனுடைய நல்ல மனசு. சட்டப்படி வர வேண்டியவள் நான். பத்தொன்பது வருடம் ஊராரின் பத்திரங்களில் குற்றம் கண்டுபிடித்தவள், சொந்த ஆன்மாவுக்கு எழுதியதில் கோட்டை விட்டிருந்தேன்.

பேராசிரியர் சிரித்த சிரிப்பில் கீழே இருந்து கடைக்காரர் மேலே வந்து பார்த்தார். பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். என் சூனியக்காரி அரசியின் முன்னாலிருந்து மறைந்துபோய், பாதாளத்தில் ஒரு கதவின் வெளியே காவலுக்கு நின்றாள். அரசி சொன்ன ரகசியம் மற்றவர்களுக்குக் கிடைத்தது. எனக்குச் சொல்லக் கூடாது என்று விதி.

ஆட்டம் முடிந்து மற்ற இருவரும் இறங்கிப் போன பிறகு கேட்டேன். "பதினாலையும் படிச்சீங்களா தம்பி?"

"மூணு தடவை படிச்சேன் அக்கா. நீங்க எங்கயாவது தப்பு விட்டிருப்பீங்கனு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"உங்க தானப் பத்திரத்தை?"

அவர் பகடைகளைச் சுருக்குப் பையில் போட்டு முடிச்சைக் கட்டினார். "அதுல படிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல அக்கா."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் பேருந்தில் வரும் வழி முழுக்க மனதுக்குள் சொல்லித் தீர்த்துக்கொண்டேன், நன்றாகவே சொன்னேன்.

தை மாதத்தில் அந்த மனையில் தகரக் கூரை போட்டு ஒரு தியான மண்டபம் எழும்பியது. அறை எதுவும் கட்டவில்லை. எல்லோரையும்போலக் கதைசொல்லியும் காலையில் ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஒருநாள் வெளிநாட்டு பக்தர்களுக்கு முகாம் என்று வாசலில் நிறுத்தி, முன்பதிவு இருக்கிறதா என்று கேட்டார்களாம். இதை அவரே எங்களிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "பரவாயில்ல, குடுத்தாச்சு" என்றார். நிஜமாகவே பரவாயில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஐரோப்பியப் பெண்மணி அவர் கோப்பையில் தன் பாதாம் பாலைப் பாதி ஊற்றினார். அந்தப் பாலை அவர் யாருக்கும் தந்து நான் பார்த்ததில்லை. எல்லாம் ஒன்றுதான் என்று அன்றைக்கு அவர் சொல்லவும் இல்லை.

ஐந்தாம் நிபந்தனைக்கு நான் பிழை திருத்தல் பத்திரம் எழுதிக்கொண்டு போனேன். அதில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அசுரன் மறுத்தான். ஒரு வரியை மாற்றித் தருவதற்கு வேறு இரண்டு வரி கேட்டான். "மானிடப் பெண்ணே" என்பதெல்லாம் போய்விட்டது. "வழக்கமா இதுக்கு இன்னா எழுதுவீங்க? அந்த மாதிரியைக் காட்டுங்க" என்று கேட்டான். இரண்டு ஞாயிறு முழுக்கப் பேரம். ஒவ்வொரு சொல்லையும் பிடித்துத் திருப்பினான். 'நேரில்' என்றால் உடலோடா, நிழல் வந்தால் போதுமா என்று கேட்டு என்னை மடக்கினான். பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு கவனமாகப் படித்த ஒரு கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை. கடைசியில் என் சூனியக்காரி ஒரு வருடம் அவன் கதவைக் காப்பது என்றும், அதற்குப் பிறகு அழைக்கும் உரிமை அவளுக்கு என்றும் முடிந்தது. இந்தத் தடவை கதைசொல்லி கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஆரம்பத்திலிருந்து உரக்க ஒருமுறை வாசித்தார். நான் குறுக்கே பேசவில்லை.

போன வாரம் மாடிப்படியில் பேராசிரியர் என்னை நிறுத்தினார். மேலே இருப்பவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, என் பூசாரிக்கும் ஒரு பத்திரம் எழுதித் தர முடியுமா? இந்த சூரிய தேவன்கிட்ட நான் இதுவரைக்கும் எழுத்துல எதுவுமே வாங்கல."

"எழுதலாம் சார். எதிர்க்கட்சி கையெழுத்துக்கு வருவாரா?"

"கதவு அசுரனைச் சாட்சியாப் போட்டா வருவாரோ என்னமோ" என்றார்.